ஆகாயத்தில் கோடு போடும் இளம் விமானிகள்

மும்பையில் குர்லா, காட்கோபர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானம் ஓர் அதிசயம் அல்ல. மொட்டை மாடியில் துணி உலர்த்திக் கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டியபடி அது இறங்கும். அதை ஓட்டுகிறவரைப் பற்றி நமக்கு ஓர் எண்ணம் உண்டு. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கை நிறையச் சம்பளம்!

அந்த நாற்காலியில் உட்காரும் முன் அவர் என்ன பாடுபட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் அது ஒரு தனிக் கதை.

"அனுபவம் உண்டா?"

"இல்லை."

"அனுபவத்தோடு வா. பிறகு பார்க்கலாம்."

ஊரை விட்டு வந்து வேலை தேடிய யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. வேலை இருந்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை தருவார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து விமானம் ஓட்டக் கற்றவருக்கும் இதே கதிதான். ஒரே ஒரு வித்தியாசம். நம்முடைய அனுபவத்தை வருஷத்தில் கேட்பார்கள். விமானியின் அனுபவத்தை மணியில் கேட்பார்கள்.

1,500 மணி

அமெரிக்காவில் கூலி வாங்கிக் கொண்டு விமானம் ஓட்டுவதற்கான லைசென்சு பெற 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற சில பள்ளிகளில் படித்தால் 190 மணி போதும். இந்தியாவில் 200 மணி. இதற்காக அமெரிக்கப் பள்ளிகளில் ஆகும் செலவு ஒரு லட்சம் டாலரைத் தொட்டு விடுகிறது. பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். லைசென்சு கைக்கு வந்த கையோடு கடன் தவணையும் வாசலில் வந்து நிற்கும்.

ஆனால் பயணிகள் விமானக் கம்பெனி அவரைச் சேர்த்துக் கொள்ளாது. துணை விமானியாக உட்காரவே 1,500 மணி வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பட்டப் படிப்போடு சேர்த்து விமானப் பயிற்சி பெற்றவர்களுக்கு 1,000 மணி. ராணுவ விமானிகளுக்கு 750 மணி. மற்றவர்களுக்குச் சலுகை குறைவு.

இந்தச் சட்டம் ஒரு விபத்தில் பிறந்தது. 2009-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரில் இறங்க வந்த விமானம் ஒன்று, ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். வேகம் குறைந்து விட்டது என்று எச்சரிக்கைக் கருவி சொன்னபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் பின்னுக்கு இழுத்து விட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். 2010-ல் சட்டம் வந்தது. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு 250 மணி உள்ளவர்கூடத் துணை விமானியாகலாம்.

இதில் ஒரு விசித்திரம். விபத்துக்குள்ளான விமானத்தின் கேப்டன் 3,000 மணிக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,000 மணிக்கு மேல் பறந்தவர். இருவருமே இந்தச் சட்டம் கேட்கும் மணியைத் தாண்டியவர்கள்! அப்படியானால் இந்தச் சட்டத்தால் என்ன பயன் என்று கம்பெனிகள் இன்றும் கேட்கின்றன. இதற்குப் பின் அங்கே பயணிகள் விமான விபத்து வெகுவாகக் குறைந்தது என்று குடும்பத்தார் பதில் சொல்கிறார்கள். 2024-ல் விமானத் துறைச் சட்டத்தைப் புதுப்பித்தபோதும் 1,500-ல் கை வைக்கவில்லை.

250-க்கும் 1,500-க்கும் நடுவே 1,250 மணி. சொந்தக் காசில் பறந்து தீர்க்க முடியுமா? வாடகை விமானத்துக்கு மணிக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். ஆகவே யாராவது பெட்ரோல் போட்டுத் தர வேண்டும். பலர் தாங்கள் படித்த பள்ளியிலேயே வாத்தியார் ஆகிறார்கள். சிலர் கடற்கரைக்கு மேல் விளம்பரத் துணியை இழுத்துப் பறக்கிறார்கள். சிலர் பாரசூட்காரர்களை ஏற்றிப் போய் இறக்கி விடுகிறார்கள். எண்ணெய்க் குழாய் போகும் பாதையைப் பார்த்துக் கொண்டே பறப்பவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம் போகும் இடம்தான் சர்வே. அதாவது, ஆகாயத்தில் இருந்து நிலத்தை அளப்பது.

உழவு போல

வயலில் ஏர் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு வரப்பில் தொடங்கி மறு வரப்பு வரை நேராக ஒரு சால். அங்கே திருப்பி, பக்கத்திலேயே அடுத்த சால். வயல் முடியும் வரை இப்படியே. சர்வே விமானியும் அதைத்தான் செய்கிறார். மாட்டுக்குப் பதில் செஸ்னா விமானம். கொழு இருக்கும் இடத்தில் காமிரா.

விமானம் சிறியது. நாலு பேர் உட்காரும் செஸ்னா 172-ல் இருந்து, இரட்டை என்ஜின் உள்ள பைப்பர் நவாஹோ வரை உண்டு. வயிற்றுப் பகுதியில் ஓட்டை போட்டு, அதன் வழியாகத் தரையைப் பார்க்கும்படி காமிராவைப் பொருத்தியிருப்பார்கள். விமானிக்கு எதிரே ஒரு சிறிய திரை. அதில் அவர் போக வேண்டிய கோடு தெரியும். இடது பக்கம் எத்தனை அடி விலகினார், வலது பக்கம் எத்தனை அடி விலகினார் என்றும் காட்டும். காற்று பக்கவாட்டில் தள்ளும். மூக்கைச் சற்றே காற்றின் பக்கம் திருப்பி வைத்துக் கொண்டு, நண்டு போலச் சாய்ந்து சாய்ந்து நேர் கோட்டில் போக வேண்டும். உயரமும் மாறக்கூடாது. கூட ஓர் ஆபரேட்டர் இருந்தால் காமிராவை அவர் கவனிப்பார். சில விமானங்களில் விமானி மட்டுமே.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சாதாரணமாக 60 சதவீதம் ஒரே நிலம் விழ வேண்டும். பக்கத்துக் கோட்டுப் படத்தோடும் 20, 30 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். ஏன் இந்த வீண் செலவு? ஒரு கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். தூரம் பிடிபடாது. இரண்டு கண்ணும் இரண்டு இடத்தில் இருந்து பார்ப்பதால்தான் மேடு பள்ளம் தெரிகிறது. அதே போல ஒரே இடத்தை இரண்டு இடத்தில் இருந்து படம் எடுத்தால்தான் கட்டடத்தின் உயரமும் குன்றின் சரிவும் கணக்கில் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. நீளம் 30 கிலோ மீட்டர், அகலம் 30 கிலோ மீட்டர் உள்ள ஒரு நிலம். கிலோ மீட்டருக்கு ஒரு கோடு என்றால் 30 கோடு. மொத்தம் 900 கிலோ மீட்டர். மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் நாலரை மணி நேரம். ஒவ்வொரு கோட்டு முடிவிலும் திரும்ப மூன்று நிமிஷம் வைத்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக, 6 மணி நேரம் பறந்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்குவார்! ஊர் போய்ச் சேரும் பயணம் அல்ல இது. ஆனால் பதிவேட்டில் 6 மணி ஏறி விடும். அவருக்கு வேண்டியது அதுதான்.

இந்தப் படங்களை யார் வாங்குகிறார்கள்? வீட்டு வரி போட நகராட்சிகள் வாங்கும். சாலை போட, வெள்ளம் வந்தால் எது வரை தண்ணீர் ஏறும் என்று பார்க்க, காடு எவ்வளவு அழிந்தது என்று அறிய, எல்லாவற்றுக்கும் இது வேண்டும். அமெரிக்க விவசாயத் துறை 1930-களிலேயே, விவசாயிகள் எத்தனை ஏக்கர் பயிர் செய்கிறார்கள் என்று அளக்க ஆகாயப் படத்தை நம்பத் தொடங்கி விட்டது. 2003-ல் இருந்து பயிர் வளரும் காலத்தில் நாட்டையே மாநிலம் மாநிலமாகப் படம் எடுத்து வருகிறது. இப்போது லைடார் என்ற கருவியும் வந்து விட்டது. விநாடிக்கு லட்சக்கணக்கில் லேசர் ஒளித் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளத்தை அளக்கும். இலைகளின் சந்து வழியாகவும் தரையைத் தொட்டு விடும்.

மேகம்தான் எதிரி

பயணிகள் விமானத்துக்கு மேகம் ஒரு பொருட்டல்ல. உள்ளே புகுந்து வெளியே வந்து விடும். காமிரா வைத்திருப்பவருக்குக் கையளவு மேகமும் பகை. மேகம் கீழே இருந்தால் நிலம் மறையும். மேலே இருந்தால் அதன் நிழல் வயலில் கறையாக விழும். அந்தக் கோட்டை மறுபடியும் பறக்க வேண்டும். காட்டுத் தீப் புகை, பனி மூட்டம் எல்லாம் இதே கணக்குத்தான்.

சூரியனும் ஒத்துழைக்க வேண்டும். அடிவானத்தில் இருந்து 30 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இல்லாவிட்டால் நிழல் நீண்டு விடும். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் டிசம்பர் மாதம் உச்சிப் பகலிலும் சூரியன் ஏறத்தாழ 21 டிகிரிதான் ஏறும். அப்போது அங்கே படமே எடுக்க முடியாது. ஆகவே குளிர் காலத்தில் விமானங்கள் தெற்கே போய் விடும். வேடந்தாங்கலுக்குப் பறவை வருவது போல!

மரங்கள் உதிர்ந்து நிற்கும்போது எடுத்தால்தான் தரை தெரியும். கிழக்கு மாநிலங்களில் உறைபனி கரைந்த பிறகு, புது இலை துளிர்க்கும் முன்பு, சில வாரங்களே கிடைக்கும். அறுவடைக் காலத்தில் ஆள் பறப்பது போல அந்த வாரங்களில் எல்லோரும் பறப்பார்கள். விடிவதற்கு முன் வானிலை பார்ப்பது, சூரியன் ஏறியதும் கிளம்புவது, இறங்கிப் பெட்ரோல் போட்டுக் கொண்டு மறுபடி ஏறுவது. ஒரே நாளில் 8 மணி நேரம் சேர்ப்பவர்களும் உண்டு.

மற்ற நாட்களில்? காத்திருப்புதான். கிராசிங்குக்காக லூப் லைனில் ஒதுக்கப்பட்ட குட்ஸ் வண்டி மாதிரி, ஏதோ ஒரு சின்ன ஊரின் ஓட்டலில் இரண்டு நாள், நாலு நாள், சில சமயம் ஒரு வாரம் கிடக்க வேண்டும். எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால் தூரமாகப் போக முடியாது. இந்த ஊர் முடிந்தால் அடுத்த மாநிலம். மாதக் கணக்கில் வீட்டைப் பார்க்காமல் ஒரே பெட்டியோடு திரிகிறவர்கள் பலர். கல்யாணம், காதுகுத்து என்று கிளம்ப முடியாத நம்மவர் நிலைமைதான். வானம் தெளிந்த நாளில் லீவு கேட்டால் கிடைக்காது. மேகம் மூடிய நாளில் லீவு கொடுத்தாலும், நாளைக்குத் தெளிந்து விடுமோ என்று ஊருக்குப் போக மனம் வராது.

சம்பளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் மாதச் சம்பளம் தருகிறார்கள். சிலர் பறந்த மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்று உறுதி சொல்கிறார்கள். உறுதி இல்லாத இடத்தில் மேகம் மூடினால் சோறும் மூடியது. தினக்கூலிக்காரனுக்கு மழை நாள் எப்படியோ அப்படி. சேரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளாதவர் பிறகு கடன் தவணைக்கு முழிக்க வேண்டியதுதான்.

12,000 அடி உயரத்தில்

வேலை சலிப்பூட்டுவது என்று யார் கேட்டாலும் சொல்வார்கள். நேராகப் போ, திரும்பு, நேராகப் போ. திரும்பும்போதும் அதிகம் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் இறக்கை மறைத்து, ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் தொடர்பு அறுந்து போகலாம். கருவியின் கணக்குக் கெட்டு விடும். ஆகவே விரிந்த வட்டமாகத் திரும்ப வேண்டும்.

குளிர் வேறு. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். மார்ச் மாதம் தரையில் 5 டிகிரி என்றால், 12,000 அடியில் பூஜ்யத்துக்குக் கீழே 19! வயிற்றில் காமிரா ஓட்டை. ஹீட்டர் இருந்தாலும் கால் விறைக்கும். 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு மிஞ்சி இருந்தால் விமானி பிராணவாயுக் குழாய் மாட்ட வேண்டும். 14,000 அடிக்கு மேல் எப்போதும் மாட்ட வேண்டும் என்பது விதி. இப்படி ஐந்தாறு மணி நேரம் இருந்தால் இறங்கும்போது தலை கனக்கும்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சிறு விமானங்களில் கக்கூசு கிடையாது. பாட்டில்தான் வழி. பெண் விமானிகளுக்கு இது இன்னும் கஷ்டம். அதற்கென்று விற்கும் பைகள் உண்டு. சிறுநீர் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்களும் உண்டு. அது நல்லதல்ல. உடலில் நீர் வற்றினால் கவனம் மங்கும்.

"இன்னும் ஒரே ஒரு கோடு"

சலிப்பிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. செஸ்னா 172-ல் ஏறத்தாழ 200 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். மணிக்கு 30, 35 லிட்டர் ஆகும். ஆறு மணி நேரம் வரும் என்று கணக்கு. பகலில் அரை மணிக்கும், இரவில் முக்கால் மணிக்கும் வேண்டிய பெட்ரோலை மிச்சம் வைக்கும்படி திட்டமிட்டே கிளம்ப வேண்டும் என்பது சட்டம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 30 கோட்டில் 28 முடிந்து விட்டது. மேற்கே மேகம் திரள்கிறது. நாளைக்கு வானம் எப்படி இருக்குமோ தெரியாது. இன்று முடிக்காவிட்டால் இந்த இரண்டு கோட்டுக்காக இன்னும் ஒரு வாரம் ஓட்டலில் கிடக்க வேண்டும். பெட்ரோல் முள் கீழே வந்து விட்டது. ஆபரேட்டர் ஒன்றும் சொல்லாமல் விமானியின் முகத்தைப் பார்க்கிறார். "இன்னும் ஒரே ஒரு கோடு" என்று மனம் சொல்லும். பக்கத்தில் அனுபவமுள்ள கேப்டன் யாரும் இல்லை. 300 மணி பறந்த, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை தனியாக முடிவு செய்ய வேண்டும். திரும்பி வருகிறவருக்கு யாரும் மாலை போடமாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலில் கற்க வேண்டிய பெரிய பாடம் அந்த இடத்தில் திரும்புவதுதான் என்று சொல்ல வேண்டும்.

கட்டுப்பாட்டு அதிகாரிகளோடும் போராட்டம் உண்டு. சர்வேக் கோடு பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு நேர் மேலே போகலாம். கீழே நிமிஷத்துக்கு ஒன்றாகப் பெரிய விமானங்கள் இறங்கிக் கொண்டிருக்கும். "இப்போது முடியாது, இரண்டு மணி நேரம் கழித்து வா" என்பார்கள். சூரியன் அதுவரை காத்திருக்குமா? அதனால்தான் நல்ல கம்பெனிகள் முன்கூட்டியே வரைபடத்தை அனுப்பிப் பேசி வைக்கின்றன. லைடாருக்குச் சூரியன் தேவை இல்லை. ஆகவே நெரிசல் குறைந்த நள்ளிரவில் அனுமதி வாங்கிப் பறப்பதும் உண்டு. பெரிய நகரங்களின் நெரிசலில் ரேடியோவில் பதறாமல் பேசக் கற்றுக் கொள்வது பின்னால் பெரிய விமானத்தில் உதவும்.

மணி எல்லாம் ஒரே மணியா?

1,500 மணி ஆனால் மட்டும் போதாது. அதற்குள் 500 மணி தூரப் பறப்பு, 100 மணி இரவு, 75 மணி வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்தது, இவையெல்லாம் இருக்க வேண்டும். புறப்பட்ட இடத்தில் இருந்து நேர்க்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் போனால், நடுவில் இறங்காவிட்டாலும், இந்தக் கணக்கில் அது தூரப் பறப்புத்தான். ஆகவே சர்வே விமானிக்கு 500 மணி சுலபமாகச் சேர்ந்து விடும். பள்ளியில் பாடம் சொல்லும் வாத்தியார் ஓடுபாதையைச் சுற்றியே வட்டமிடுவதால் இதற்குத்தான் திண்டாடுவார். சர்வேக்காரர் திண்டாடுவது வேறு இடத்தில். நல்ல வெயிலில் மட்டும் பறப்பவருக்கு இரவும் மேகமும் எங்கே கிடைக்கும்? விமானத்தை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போகும்போது, வேண்டுமென்றே மாலையில் கிளம்பி இரவு மணியைச் சேர்த்துக் கொள்கிறவர்கள் உண்டு.

இவ்வளவும் சேர்த்த பிறகும் காலம் கை கொடுக்க வேண்டும். 2020-ல் கொரோனா வந்து விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. 2022-ல் ஆள் போதாமல் சிறு கம்பெனிகள்கூடச் சம்பளத்தைக் கூட்டிக் கூப்பிட்டன. 2024-ல் மறுபடியும் மந்தம். 1,500 முடித்து விட்டு, அதே செஸ்னாவில் இன்னும் ஒரு வருஷம் கோடு போட்டவர்களும் இருக்கிறார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

மும்பையிலும் பிள்ளையை விமானி ஆக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இல்லாமல் இல்லை. பி.எப். பணத்தை எடுத்து, ஊர் நிலத்தை விற்று அமெரிக்காவுக்கு அனுப்புவதாகப் பேசுகிறவர்கள் உண்டு. "படித்து முடித்ததும் அங்கேயே சர்வேயில் சேர்ந்து மணி சேர்க்கலாம், கடன் தானாக அடையும்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் சற்று நிதானிக்க வேண்டும். விமானப் பள்ளிக்குப் பலருக்கும் கிடைக்கும் எம்-1 விசாவில் படிக்கும்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. படித்த நாலு மாதத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் ஆறு மாதம் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கல்லூரிப் படிப்புக்கான எப்-1 விசாவில் ஒரு வருஷம் வரை கிடைக்கலாம். ஒரு வருஷத்தில் மேகமும் ஓட்டலும் போக எத்தனை மணி சேரும் என்று மேலே உள்ளதைப் பார்த்துக் கணக்குப் போடலாம்.

இந்தியாவில் இந்த வேலையின் அளவே சிறியது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலை உணர்வு மையம் ஆகாயப் படம் எடுத்து வந்திருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையும் கனிமம் தேட விமானம் வைத்திருந்தது. 200 மணிக்காரருக்கு அங்கே வரிசையாக இடம் காத்திருக்கவில்லை. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், கிராமத்து வீட்டு மனைகளை அளக்கும் வேலையை டிரோன்களே செய்கின்றன. அதில் விமானிக்கு வேலை இல்லை. டிரோனை இயக்குகிறவருக்குத்தான் வேலை.

வேறொரு வகையில் நம் நாட்டு விதி இளகியது. 1,500 மணி என்ற சுவர் இங்கே இல்லை. 200 மணி லைசென்சோடு துணை விமானியாகச் சேரலாம். ஆனால் குறிப்பிட்ட பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் ரூபாய் பெரும்பாலும் விமானியின் கையில் இருந்தே போகும். வெளிநாட்டில் லைசென்சு எடுத்து வந்தவர் டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளை எழுதித் தேறி, உடல் பரிசோதனையிலும் தேற வேண்டும். முதல் வகுப்பு உடல் தகுதிப் பரிசோதனையை, பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே முடித்து விடுவது நல்லது. நிறம் பிரித்தறிய முடியாத கண் குறை போன்றவை அப்போதே தெரிந்து விடும். நிலத்தை விற்ற பிறகு தெரிந்தால் என்ன செய்வது?